முன்வரிசையில் டொலி பெனிங்ரன்

உலக நகைச்சுவையின் வரலாற்றை எழுதப்போகிறவர்கள் இரண்டே இரண்டு இடங்களைக் குறித்துக்கொண்டால் போதும். ஒன்று ஹொலிவூட். மற்றது ரொறன்ரோவின் ஸ்காபரோவில் மார்க்கம் றோட்டுக்குக் கிட்ட, தளபாடக் கடையாக இருந்து கலியாண மண்டபமாகப் 'பதவி உயர்வு' பெற்ற ஒரு கட்டடம். முதலாவது இடம் டொலி பெனிங்ரன் என்ற மாபெரும் நடிகையை இருபது வருடம் வைத்திருந்துவிட்டுக் கைகழுவியது. இரண்டாவது இடம் அவரை எண்பத்துமூன்றாவது வயதில் கண்டுபிடித்து, சேலை உடுத்தி, பொட்டு வைத்து, முன்வரிசையில் இருத்தி அழகு பார்த்தது. கலையை மதிக்கத் தெரிந்த இனம் எது என்பதை வாசகரே தீர்மானிக்கலாம். தன்னடக்கம் கருதி நான் அபிப்பிராயம் சொல்லவில்லை.

என் பெயர் அருள்நாயகம். கிழமை நாட்களில் ஒரு பேக்கரியில் மாவு குழைக்கிறேன். சனி, ஞாயிறுகளில் அறிவிப்பாளர். தொண்ணூறுகளின் ரொறன்ரோவில் என் குரல் இல்லாமல் ஏறிய தாலிகளை விரல்விட்டு எண்ணலாம். அவற்றில் இரண்டு பிரிந்தும்விட்டன. நான் சாபம் எதுவும் போடவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

டொலி அம்மையார் பக்கத்து ஊரான ஒஷாவாவில் பிறந்தவர். இருபத்திரண்டு வயதில் ரயிலேறி ஹொலிவூட் போய், பதினான்கு படங்களில் ஒரே பாத்திரத்தில் நடித்தார். பணக்காரத் தகப்பனின் ஒரே மகள். எந்த நேரமும் கோபம். ஒரு பியானோ திருத்துபவனோடோ வாத்து வளர்ப்பவனோடோ முட்டுப்பட்டு, ஒன்றரை மணித்தியாலம் மூச்சுவிடாமல் சண்டை பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து, கடைசியில் அவனையே கட்டுவார். ஏன் கட்டுகிறார் என்று எந்தப் படத்திலும் விளக்கம் இல்லை. சொந்த வாழ்விலும் ஐந்து தடவை கட்டினார். இரண்டாவது கணவரும் நான்காவது கணவரும் ஒரே ஆள். எங்கள் ஆட்கள் ஒரே குடும்பத்துக்குள் திரும்பத் திரும்பச் சம்பந்தம் செய்வதைப் பழிப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

அவருடைய உச்சத் திறமை ஒரு தட்டம். இருபத்திரண்டு கண்ணாடிக் குவளைகளை அடுக்கிய தட்டத்தைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, ஒருவனோடு சண்டை பிடித்தபடி, வழுக்கி, சுழன்று, முழங்காலில் விழுந்து எழும்புவார். ஒரு சொட்டுச் சிந்தாது. தியேட்டரில் சனம் கதிரையால் விழுந்து சிரித்ததாம். பிறகு சண்டைபிடிக்கும் பெண்களுக்கு மவுசு குறைந்தது. அழும் பெண்கள் வந்தார்கள். 1953இல் அவருக்குக் கதாநாயகனின் தாய் வேடம் கொடுத்தார்கள். "தாய் எங்கே விழுகிறாள்?" என்று கேட்டாராம். தாய் விழுவதில்லை என்றார்கள். அடுத்த ரயிலில் ஒஷாவாவுக்குத் திரும்பி, சப்பாத்துக் கடையில் முப்பது வருடம் வேலை செய்து, கடைசியில் ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் ஒரு அடுக்குமாடியின் மூன்றாம் தளத்துக்கு வந்து சேர்ந்தார்.

எதிர்வீடு புனிதவதியுடையது. அவருக்கு ஆங்கிலம் குறைவு. டொலிக்குத் தமிழ் அறவே இல்லை. ஞாயிறு பின்னேரங்களில் ரிவியில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் வந்தால் இருவரும் புட்டும் கறியும் வைத்துக்கொண்டு பார்ப்பார்களாம். டொலி சோபாவிலிருந்து எழும்பி, வாசலுக்குப் போவதற்குள் மூன்று விதமாக விழுந்து காட்டுவாராம். புனிதவதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

1994இல் புனிதவதியின் மகள் நிலாணி பெரியபிள்ளையாகி, சாமத்திய வீடு வைத்தார்கள். எதிர்வீட்டு மனுசி என்ற முறையில் டொலியையும் கூப்பிட்டு, சேலை உடுத்தி முன்னால் இருத்திவிட்டார். இதில் உள்நோக்கம் எதுவும் இல்லை. புனிதவதியிடம் அந்தளவுக்குத் தூரநோக்குக் கிடையாது. ஆனால் வீடியோப் பிரதிகள் லண்டனுக்கும் பாரிசுக்கும் ஊருக்கும் போயின. ஊரில் அப்போது மின்சாரமே இல்லை. ஜெனரேற்றரை வாடகைக்கு எடுத்து, மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்த சனம் நிலாணியைக் கண்டுகொள்ளவில்லை. எல்லாக் கடிதங்களிலும் ஒரே கேள்விதான் வந்தது: "முன்னுக்கு இருக்கிற அந்த வெள்ளைக்காரி ஆர்? புனிதத்தின்ரை கொம்பனி மனேச்சரோ?"

புனிதவதியின் கணவர் 'ஓம்' என்று எழுதவில்லை. 'இல்லை' என்றும் எழுதவில்லை.

அடுத்த கிழமையே எனக்குத் தொலைபேசி அழைப்புகள் தொடங்கின. வெள்ளைக்காரர் இல்லாத வீடியோ உப்பில்லாத சோறு என்று ரொறன்ரோ ஒரே இரவில் தீர்மானித்துவிட்டது. வீடியோக்கார அலெக்ஸாண்டர் தன் படப்பிடிப்பு வரிசையையே திருத்தி எழுதினார்: முதலில் பிள்ளையார், இரண்டாவது வெள்ளைக்காரி, மூன்றாவது பொம்பிளை மாப்பிளை. பிள்ளையாரின் இடத்துக்கும் ஆபத்து இருந்தது. ஆண்டவனுக்கு அஞ்சி நான் தடுத்தேன்.

டொலியை 'ஒப்பந்தம்' செய்ய நானே நேரில் போனேன். அவர் ஆங்கிலத்தில் கடகடவென்று சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"எனக்கு என்ன பாத்திரம்?" என்றார்.

"நீங்கள் முன்னுக்கு இருக்கவேணும்."

"இருந்து?"

"இருக்கவேணும். சாப்பாட்டைக் கையால சாப்பிடவேணும். அதைக் கிட்டவா எடுப்பம்."

"எங்கே விழுகிறேன்?"

"விழக்கூடாது அம்மா. நீங்கள் பாங்க் மனேச்சர்."

"மனேச்சர்கள்தான் விழவேண்டும். அவர்கள் விழுந்தால்தான் சனம் சிரிக்கும்." அவர் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப்போட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நாற்பத்தொரு வருடமாக ஒரு மண்டபம் சிரித்து நான் கேட்கவில்லை, மிஸ்ரர் நாயகம். எனக்கு வேறொன்றும் வேண்டாம். ஒரே ஒருமுறை. என் சொந்தப் பெயரைச் சொல்லுங்கள். ஒரு தட்டம் தாருங்கள். பிறகு நீங்கள் சொல்கிற இடத்தில் சாகும்வரை இருக்கிறேன்."

"புனிதவதி சிரிக்கிறாதானே?"

"ஒருத்தி சிரித்தால் அது அன்பு. மண்டபம் சிரித்தால்தான் அது தொழில்."

"அடுத்த கொண்டாட்டத்தில கட்டாயம்" என்றேன். அறிவிப்பாளன் வாக்குத் தவறமாட்டான். ஒத்திவைப்பான்.

அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அம்மையாரின் பொற்காலம். ஒஷாவாவில் அவர் டொக்டர். றிச்மண்ட் ஹில்லில் பள்ளிக்கூட அதிபர். ஒரே சனிக்கிழமை காலையில் பாங்க் மனேச்சராகவும் பின்னேரம் எம்.பி.யின் அக்காவாகவும் இருந்திருக்கிறார். ஒவ்வொரு மண்டபத்திலும் என்னைப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்துவார், 'இன்றைக்கா?' என்று. நான் விரலால் 'அடுத்தமுறை' என்று சைகை காட்டுவேன். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சோற்றைக் குழைப்பார்.

இடையில் பாரிசிலிருந்து ஒரு நாசகாரக் கடிதம் வந்தது. 'உங்கடை மனேச்சரும் எங்கடை மச்சாள் வீட்டு டொக்டரும் ஒரே ஆளாய்க் கிடக்கு' என்று எழுதியிருந்தார்கள். நிலைமையின் பாரதூரத்தை உணர்ந்து 'வெள்ளை விருந்தினர் ஒழுங்கமைப்பு உபகுழு' ஒரு டோனட் கடையில் அவசரமாகக் கூடியது. தலைவர் நான். செயலாளர் அலெக்ஸாண்டர். பொதுமக்கள் பிரதிநிதியாகச் சண்முகநாதன் அண்ணை; அவருடைய மகள் கஜனிக்குக் கலியாணம் நெருங்கியிருந்தது. மூன்று கோப்பி முடிந்தும் வழி பிறக்கவில்லை. கடைசியில் சண்முகநாதன் அண்ணைதான் மேசையில் தட்டினார்.

"இதுக்கேன் தலையைப் பிய்க்கிறியள்? கனடாவில எல்லாருக்கும் ரெண்டு வேலை எண்டு எழுதிவிடுங்கோ!"

ஏகமனதாக நிறைவேறியது. பாரிஸ் அதை நம்பியதோடு, மனமிரங்கி ஆறுதல் கடிதமும் போட்டது.

ஆனால் அதே கூட்டத்தில் சண்முகநாதன் அண்ணை இன்னொரு குண்டையும் போட்டார். "தம்பி, எங்கடை கலியாணத்துக்கு மனேச்சர், டொக்டர் சரிவராது. மாப்பிளை பகுதி லண்டன். அவையளே வீட்டுக்கொரு டொக்டர் வைச்சிருக்கினம். பெரிசா வேணும்."

"எவ்வளவு பெரிசு, அண்ணை?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஜட்ஜ். அகதி வழக்கு ஜட்ஜ்."

எங்களுக்கு மயிர் சிலிர்த்தது. அந்தக் காலத்து ரொறன்ரோவில் பாதிச் சனத்துக்கு வழக்குத் தீரவில்லை. கடவுள் கண்ணைத் திறக்காவிட்டாலும் பரவாயில்லை, ஜட்ஜ் கையெழுத்து வைத்தால் போதும் என்று கிடந்த காலம். அலெக்ஸாண்டர் எழும்பி நின்று தலையை ஆட்டினார்.

1995 ஆவணி. கஜனியின் கலியாணம். அறுநூறு பேர். மணவறைக்கு நேர் எதிரே, மயில்நீலக் காஞ்சிபுரத்தில் டொலி. நான் ஒலிவாங்கியைப் பிடித்து, "பெருமதிப்புக்கும் பேரச்சத்துக்கும் உரிய நீதிபதி அம்மையார் அவர்களே!" என்று தொடங்கியதும் மண்டபம் கப்சிப். குழந்தைகளின் வாயைப் பொத்தினார்கள். இரண்டு இளைஞர்கள் சப்பிக்கொண்டிருந்த சுவிங்கத்தை விழுங்கிவிட்டார்கள்.

தாலி ஏறி முடிந்தது. சாப்பாட்டுக்கு நின்ற வரிசை மெல்ல மெல்ல நெளிந்து டொலியின் கதிரையை நோக்கித் திரும்பியது. கார் டிக்கிக்குள் ஸ்பெயர் ரயரும் வழக்குக் கோப்பும் எந்நேரமும் கிடந்த காலம் அது. பத்தொன்பது பேர் கோப்போடு வந்துவிட்டார்கள். எல்லாருக்கும் முன்னால் அகஸ்ரின். பாத்திரம் கழுவும் வேலை. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வவுனியாவில் ஒரு முகாமில். மூன்று வருடமாக வழக்கு இழுபடுகிறது. கோப்பை டொலியின் மடியில் வைத்து, பிள்ளைகளின் படத்தை மேலே வைத்து, நிலத்தில் இருந்து அழத் தொடங்கினார்.

டொலி படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இந்த மனிதனுக்கு என்ன வேண்டும்?"

"சும்மா... உங்களை ஜட்ஜ் எண்டு நினைக்கிறார் அம்மா. தலையை ஆட்டிவிடுங்கோ, போயிடுவார்."

ஒரு வருடத்துக்கு மேலாக என் சொல்லைத் தட்டாத அம்மையார் அன்று தலையை ஆட்டவில்லை. அகஸ்ரினின் தலையைத் தடவி, கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எழும்பி வந்து என் கையிலிருந்த ஒலிவாங்கியைத் தன் வாய்க்கு இழுத்தார்.

"நான் ஜட்ஜ் இல்லை. என் பெயர் டொலி பெனிங்ரன். நான் ஒரு பகிடிக்காரி. விழுவது என் தொழில். இந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்."

அவர் சொன்னது விறுவிறுப்பான, பழைய காலத்து ஆங்கிலம். மண்டபத்தில் பலருக்கு விளங்கவில்லை. விளங்கியவர்கள் தங்கள் காதைச் சந்தேகித்து என் வாயைப் பார்த்தார்கள். சண்முகநாதன் அண்ணையின் முகம் வெளிறிப்போனது. லண்டன் சம்பந்தி கழுத்தை நீட்டினார். இப்படியான சோதனைகளில்தான் ஒரு அறிவிப்பாளனின் தரம் தெரியும். நான் கண்ணிமைக்காமல் மொழிபெயர்த்தேன்:

"நீதிபதி அம்மையார் மணமக்களை வாழ்த்துகின்றார்! உங்கள் எல்லாருடைய வழக்குகளும் நல்லபடி முடியவேண்டும் என்றும் பிரார்த்திக்கின்றார்!"

கரகோஷம் கூரையைப் பிளந்தது. அகஸ்ரின் எழும்பி நின்று கும்பிட்டார். டொலிக்குக் கைதட்டலின் காரணம் தெரியாது. தன் பெயருக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்தார். ஐயோ, அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்! பக்கத்தில் பாயாசக் கப்புகள் அடுக்கிய தட்டத்தோடு ஒரு பெடியன் போனான். டொலி அதை எட்டி வாங்கினார்.

எண்பத்துநான்கு வயது. தட்டம் தலைக்கு மேலே போனது. இல்லாத ஒருவனோடு சண்டை தொடங்கியது. ஒரு கால் சேலைக்கரையில் சிக்கியது. உடம்பு ஒரு பக்கம், தட்டம் மறுபக்கம். கப்புகள் எல்லாம் விளிம்புவரை ஓடி வந்து, யோசித்து, திரும்பிப் போயின. சுழன்றார். சண்முகநாதன் அண்ணையின் தலைப்பாகையைத் தட்டத்தின் அடியால் வழித்தெடுத்து மாப்பிளையின் மடியில் போட்டார். முழங்காலில் விழுந்தார், எழும்பினார், ஐயரின் தோளில் ஒரு கணம் சாய்ந்து அவரோடும் ஒரு சண்டை பிடித்தார். ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டுப் பாயாசம் சிந்தவில்லை.

வாழ்க்கையில் நான் கண்ட ஆகப்பெரிய பகிடி அது. ஆனால் ஜட்ஜைப் பார்த்து யார் சிரிப்பது? எங்கோ ஒரு குழந்தை கெக்கட்டம் விட, தகப்பன் பாய்ந்து வாயைப் பொத்தினார். "சிரிக்காதையுங்கோ, சிரிக்காதையுங்கோ, கேஸ் பழுதாப் போயிடும்!" என்று வரிசை வரிசையாகச் செய்தி போனது. கஜனி கூறைச்சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். பெண்கள் குனிந்து செருப்பைத் தேடினார்கள். ஒருவர் தன் தொடையைக் கிள்ளிக் கிள்ளி அழுதார். அகஸ்ரின் கைகட்டி, கண் சிமிட்டாமல், தேவாரம் கேட்பவரைப் போல நின்றார். நான் நாக்கைக் கடித்ததில் இரத்தமே வந்தது. பின்வரிசையில் நின்ற புனிதவதி மட்டும் சிரித்தார். அவரையும் நாலு பேர் வெளியே இழுத்துக்கொண்டு போனார்கள்.

டொலி தட்டத்தை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். அறுநூறு பேர், மூச்சுச் சத்தம்கூட இல்லை. சேலையைச் சரிசெய்தார். தன் கதிரைக்குப் போய் இருந்தார். சாப்பாடு வந்தது, ஒழுங்காகக் கையால் சாப்பிட்டார். அலெக்ஸாண்டர் அதைக் கிட்டவாக எடுத்தார்.

அதன் பிறகு அவர் எந்த மண்டபத்துக்கும் வரவில்லை. நான் தொலைபேசியில் கூப்பிட்டேன். "வேண்டாம், மிஸ்ரர் நாயகம். அறுநூறு பேர். ஒரு பல்லுக்கூடத் தெரியவில்லை. என் தொழில் முடிந்துபோனது. எனக்கு முன்பே தெரிந்திருக்கவேண்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த நாளே புனிதவதி பேக்கரி வாசலில் வந்து நின்றார்.

"அண்ணை, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். அந்தக் கலியாணக் கசெற்றைக் கொண்டுவந்து போட்டுக் காட்டுங்கோ. சனம் வாயைப் பொத்திக்கொண்டு துடிச்சதை அவ தன்ரை கண்ணால பாக்கட்டும். மனுசி சாப்பிடுறதில்லை. நான் கையைக் காலைக் காட்டிச் சொன்னால் நம்புறா இல்லை. அன்பில சொல்லுறன் எண்டு நினைக்கிறா."

"எடிற்றிங்கில இருக்கு, தங்கச்சி. வாற கிழமை பாப்பம்."

எடிற்றிங்கில்தான் இருந்தது. ஜட்ஜ் ஒருவர் பாயாசத்தோடு தள்ளாடுவது லண்டனுக்குப் போகலாமா? அந்த நாலு நிமிடத்துக்கு மேலே அலெக்ஸாண்டர் நயாகரா நீர்வீழ்ச்சியை ஓடவிட்டு, அதற்குள்ளே பொம்பிளை மாப்பிளையைப் பூவுக்குள் பூவாக மிதக்கவிட்டார். மூலப் பிரதியில் வேறொரு சாமத்திய வீட்டைப் பதிந்தாயிற்று. அப்படிச் செய்யச் சொன்னது நான்தான். சரி, கசெற் போனால் போகட்டும், நேரில் போய் வாயால் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லலாம். ஆனால் சனம் ஏன் சிரிக்கவில்லை என்று அம்மையார் கேட்பார். அவருடைய வார்த்தையை நான் எப்படி மொழிபெயர்த்தேன் என்று சொல்லவேண்டி வரும். ஒரு அறிவிப்பாளனின் 'தொழில் இரகசியங்கள்' வெளியே போவது சமூகத்துக்கு நல்லதல்ல.

புனிதவதி பதினொரு கிழமை வந்தார். பதினொரு தடவையும் 'வாற கிழமை' என்றேன். 1996 மாசியில் டொலி நித்திரையிலேயே போய்விட்டார்.

மரணச் சடங்குக்கு வோபர்ன், ஒஷாவா, றிச்மண்ட் ஹில் என்று சனம் அள்ளுப்பட்டு வந்தது. தங்கள் மனேச்சர், தங்கள் டொக்டர், தங்கள் ஜட்ஜ் செத்த வீட்டுக்குப் போகாவிட்டால் உறவுகளுக்கு என்ன சொல்வது? வீடியோ லைற் போட்டாயிற்று. அலெக்ஸாண்டர் ஓடிவந்து என் காதைக் கடித்தார். "அண்ணை, முன்வரிசைக்கு ஒரு வெள்ளைக்காரரும் இல்லை!" உண்மை. இருந்த ஒரே ஆள் பெட்டிக்குள் படுத்திருந்தார்.

நான் பேச எழும்பும்போது புனிதவதி வழிமறித்து ஒரு கடதாசித் துண்டைத் தந்தார். டொலி பெனிங்ரன் என்று தமிழில் எழுதியிருந்தது.

"பேரை மட்டும் சொல்லுங்கோ அண்ணை. பகிடிக்காரி எண்டு சொல்லுங்கோ. சனம் அண்டைக்குச் சிரிக்கப் பயந்தது எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. அது காணும் அவவுக்கு."

பெட்டியடியில் நின்று சனத்தைப் பார்த்தேன். முதல் வரிசை மனேச்சர் குடும்பங்கள். இரண்டாவது டொக்டர். மூன்றாவது அதிபர். சண்முகநாதன் அண்ணை கண்ணாலேயே என்னைக் கெஞ்சினார். சம்பந்தி லண்டனிலிருந்து பறந்து வந்து பக்கத்தில் இருந்தார். துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். குரலைச் செருமினேன்.

"பெருமதிப்புக்குரிய நீதிபதி அம்மையார் அவர்கள்..."

மூன்று வரிசையும் நிம்மதியாக மூச்சுவிட்டது. இருபது நிமிடம் பேசினேன். என் வாழ்நாளில் அதைவிடச் சிறப்பாகப் பேசியதில்லை. பலர் கண்ணைத் துடைத்தார்கள். முடித்துவிட்டு நகர்ந்தபோது புனிதவதி பூவோடு பெட்டியடிக்கு வந்தார். ஒலிவாங்கியை நான் நிறுத்தவில்லை. அவர் எனக்கு மட்டும்தான் சொன்னார். ஆனால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"மெய்யாவே அவ ஜட்ஜா இருந்திருந்தால், அண்ணை, எங்களில ஒருத்தரையும் இந்த நாட்டில வைச்சிருக்க மாட்டா."